வெளிச்சம் நின்றால் போய்ப் பார்

1

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒரு சங்கதி. சிங்கப்பூரில் கடற்கரையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுப் படுக்க வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தப் பூங்கா, அதில் எந்தப் பகுதி, என்றைக்கு, பொறுப்பான பெரியவர் யார் என்று எல்லாவற்றையும் கைபேசியில் தட்டி அனுப்பினால்தான் சீட்டு வரும். நம் பக்கம் கல்யாணத்துக்கு வந்த சனம் வீட்டில் இடமில்லாமல் தெருவில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும் என்று இங்கே சொன்னால், யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று கேட்பார்கள்.

நிவேதா என் ஒரே மகள். வயது பதினைந்து. மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் வலைப்பந்துக் குழுத் தோழிகள் நான்கு பேரோடு பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரு ராத்திரி தங்கப் போவதாக அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து அந்தக் கடற்கரை நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் சீட்டுக்குப் பெரியவர் ஒருவர் வேண்டுமே. அங்கேதான் நான் தேவைப்பட்டேன்.

"நீங்க வரலாம்மா. ஆனா எங்க டென்ட் பக்கத்துல வேணாம். கொஞ்சம் தள்ளி."

"எவ்வளவு தள்ளி?"

"நீங்க சொல்வீங்களே, கூப்பிடு தூரம். அது ஓகே."

"சரி."

"ஆனா கூப்பிடக் கூடாது."

என் கணவர் கணேசன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நல்ல ஒப்பந்தம், ஒத்துக்க" என்றார். அவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவர், ஒப்பந்தங்களைப் பற்றி அவருக்குத் தெரியும். நானும் சிரித்துவிட்டேன். அடுத்து அவள் சொன்னதற்குத்தான் சிரிக்க முடியவில்லை.

"அப்புறம் ஒரு ஹெட்லேம்ப் வாங்கணும்மா. நெத்தியில மாட்டுற லைட். எல்லாருகிட்டயும் இருக்கு, என்கிட்டதான் இல்ல."

"கையில பிடிக்கிற டார்ச் வீட்டுல இருக்கே."

"டார்ச்ச கையில பிடிச்சுக்கிட்டு டென்ட் எப்படிம்மா போடுறது? ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும்."

ரெண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் ஒரு காலத்தில் நாங்களும் தலையில் டார்ச்சைக் கட்டினோம். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். சமையலறைச் சுவரில் லிட்டில் இந்தியா நகைக்கடை ஒன்றில் கொடுத்த தினசரி நாட்காட்டி தொங்குகிறது. அவள் சொன்ன நாளைப் புரட்டிப் பார்த்தேன். பங்குனி, முதல் வாரம். என் அக்கா பஞ்சவர்ணம் செத்துப்போன அதே வாரம்.

2

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். "அடடா, என்ன வாசனையாக இருக்கும்" என்று இங்கே பலர் சொல்லிவிட்டார்கள். மொட்டுக்கு அவ்வளவு வாசனை கிடையாது என்பதும், பறிக்கிறவர்கள் மூக்குக்கு ஈர மண்ணும் மருந்தடித்த நாற்றமும்தான் வரும் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்தத் தோட்டத்தின் மேல் ஏக்கம் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மல்லிகை மொட்டு விடிவதற்கு முன்னால் செடியைவிட்டு இறங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சந்தைக்கு ஆகாது. அதனால் பூ எடுக்கிற பெண்கள் கும்மிருட்டில் போவார்கள். மொட்டைக் கிள்ள இரண்டு கையும் வேண்டும். இப்போது எல்லோரும் நெற்றியில் மாட்டுகிற சின்ன லைட் வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ரெண்டு கட்டை டார்ச்சைத் துண்டால் காதோரம் வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்வோம். விடிகிறபோது அவிழ்த்தால் கன்னத்தில் டார்ச்சின் வரி பதிந்திருக்கும்.

அந்த இருட்டில் ஆள் தெரியாது. முகம், சேலை, மடியில் கட்டிய சாக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு ஆளும் ஒரு மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். எங்கள் அம்மாவும் அக்காவும் தினமும் போனார்கள். லீவு நாளில் நானும் போவேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் வேகமாக எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் வெளிச்சத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். சரசரவென்று நகர்கிற வெளிச்சம் என்றால் செடியில் பூ இல்லை என்று அர்த்தம். ஒரே இடத்தில் நிற்கிற வெளிச்சம் என்றால் நல்ல செடி, மொட்டு கொத்துக் கொத்தாக இருக்கிறது என்று அர்த்தம். பங்குனித் தொடக்கத்தில் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூக்கும். அப்போது நின்ற வெளிச்சத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதும் உண்டு.

3

சனிக்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ரயிலை விட்டு இறங்கினால் பூக்கடைகளைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. முந்தின நாள் இருட்டில் யாரோ குனிந்து பறித்த மொட்டு விமானத்தில் வந்து இங்கே சரமாகத் தொங்கும். நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பூவும் வைப்பதில்லை. வந்த புதிதில் கோயிலில் பார்க்கிற பெண்கள் இதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டார்கள். என் கணவர் நன்றாகத்தான் இருக்கிறார், நேற்றுகூட மூன்று தோசை சாப்பிட்டார் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

நிவேதா ஏற்கெனவே இணையத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். கார் விளக்கு மாதிரி இருந்தது. வேண்டாம், நானே பார்த்து வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு வெளிச்சம் என்றால் அதிகம்தான் நல்லது என்று நினைப்பு. நெற்றியில் கட்டி வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது தப்பு. வெளிச்சம் அதிகமானால் இலையும் மொட்டும் ஒரே மாதிரி பளபளக்கும். பச்சை மொட்டு எது, பழுத்த மொட்டு எது என்று கண் பிரிக்காது. வெளிச்சம் விழாத இடமோ இன்னும் கறுத்துப்போகும்.

அபு பாயின் கடை சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. பூட்டு, பிளக், பெட்டி, டார்ச் என்று தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அவருடைய தாத்தா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பாய் இங்கேயே பிறந்தவர்.

"வாங்கம்மா. என்ன வேணும்?"

"நெத்தி லைட் பாய். மகள் கேம்ப் போறா."

அவர் உற்சாகமாகக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். "இது பாருங்க, டாப் மாடல். ஆயிரம் லூமன்ஸ். பாசிர் ரிஸ்ல போட்டா அக்கரையில ஜோகூர்ல இருக்கவன் கண்ணக் கசக்குவான் லா."

"இருக்கறதுலயே வெளிச்சம் கம்மியா எது?"

"கம்மியாவா? நான் கடையில நிக்க ஆரம்பிச்சதுலேருந்து கம்மியா கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். சும்மா விடுவேனா? எனக்கு வேண்டியதைப் பாடம் மாதிரி சொன்னேன். வார்ப்பட்டை நெற்றியில் வழுக்காமல் நிற்க வேண்டும். விளக்கின் தலை கீழே மடங்க வேண்டும், கால் வைக்கிற இடம் தெரிய வேண்டும். ஒயரில் சார்ஜ் ஏற்றுகிறது வேண்டாம், அது நடுவில் அணைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரி மாற்றுகிறதாக இருக்க வேண்டும். கனம் கூடாது, கழுத்து வலிக்கும்.

"என்னம்மா, நீங்க என்ன சுரங்கத்துல வேலை பாத்தீங்களா?"

"பூத்தோட்டத்துல."

அவர் நம்பவில்லை போலிருந்தது. ஆனாலும் உள்ளே போய்த் தேடி, தூசி படிந்த ஒரு பெட்டியோடு வந்தார். "பழைய ஸ்டாக். வெள்ளை லைட் இல்ல, மஞ்ச. யாரும் வாங்கறதில்ல. மீன் பிடிக்கிற அங்கிள்ங்க ரெண்டு மூணு பேரு கேப்பாங்க, அவ்வளவுதான். பட்டப்பகல்ல லைட்ட எப்படிப் பாக்கிறது, ஸ்டோருக்கு வாங்க."

கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு சரக்கறை. ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டிகள், நடுவில் ஒரு ஆள் போகிற வழி. பாய் விளக்கைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் நடந்து போனார். போகிற வழியில் சுவிட்சை அணைத்துவிட்டார்.

இருட்டின் அந்தக் கோடியில் ஒரு மஞ்சள் வெளிச்சம். ஆள் இல்லை, முகம் இல்லை. வெளிச்சம் மட்டும் நின்றது. இரண்டு பக்கமும் இருந்த பெட்டிகள் செடி வரிசையாகிவிட்டன. பாய் ஏதோ ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டு பேசாமல் நின்றிருக்க வேண்டும். எனக்கு முழங்காலுக்குக் கீழே தோட்டத்து மண்ணின் ஈரம் ஏறுவது தெரிந்தது.

"நகருங்க பாய்."

"என்னம்மா?"

"நிக்காதீங்க. நகருங்க! நகருங்க!"

நான் கத்தியிருக்கிறேன். அவர் ஓடி வந்து சுவிட்சைப் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, தான் குடிக்க வைத்திருந்த பார்லி தண்ணியை எடுத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பெட்டிகளை நேராக்குகிற மாதிரி அப்படியும் இப்படியும் நடந்துகொண்டே இருந்தார். நிற்கவில்லை.

"யாரும்மா?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா."

அவர் தலையிலிருந்த விளக்கைக் கழற்றினார். மஞ்சள் விளக்கையே பொதிந்து கொடுத்தார். வேறு ஒன்றை வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வரும் ரயிலில்தான் அது தோன்றியது.

4

பஞ்சவர்ணத்துக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. அவள் தடித்த குரல்காரி. தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து பேசினால் மறுமூலை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு அவள் கிணற்றடி வரிசைக்குப் போனாள். நானும் அம்மாவும் வேலியோர வரிசை. முதலில் அவளுடைய பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்கவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

அந்த வெளிச்சம் நின்றது. நாங்கள் ஒரு வரிசை முடித்துத் திரும்பியபோதும் அங்கேயே நின்றது. அம்மாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வரிசைக்காரிகளுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "பெரியவளுக்கு இன்னைக்கு நல்ல செடி மாட்டியிருக்கு பாரு. நகர மாட்டேங்கிறா."

அவர்களும் சிரித்துக்கொண்டு, "நல்ல யோகக்காரிதான்" என்றார்கள். நானும் அதைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கிழக்கு வெளுத்த பிறகுதான் போய்ப் பார்த்தோம். வரப்பில் உட்கார்ந்து செடியில் சாய்ந்திருந்தாள். காதோரம் டார்ச் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் விழுந்த செடியில் மொட்டே இல்லை. கணுக்காலில் முள் குத்தின மாதிரி இரண்டு புள்ளி. கட்டுவிரியனாம். அது கடித்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்குமாம், வலிக்காதாம். போகப் போகக் கண் சொருகும், நாக்கு எழாது, தூக்கம் வருகிறது என்று உட்கார்ந்திருப்பாள் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்றும் சொன்னார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதற்கு மறுவாரம் அம்மா என்னைத் திண்டுக்கல்லில் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தோட்டத்துப் பக்கம் என்னைத் திரும்ப விடவே இல்லை. படித்தேன், வாத்தியாரானேன், கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். சிங்கப்பூரில் இருட்டே கிடையாது. தெருவிளக்கு, மாடி விளக்கு, புளோக்குக்குக் கீழே விடிய விடிய எரிகிற குழல் விளக்கு. மற்றவர்கள் தங்களுக்கு இந்த ஊரை எதற்காகப் பிடிக்கும் என்று ஏதேதோ சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இதுதான், யாரிடமும் சொன்னதில்லை. அக்கா செத்ததால் நான் பிழைத்தேன் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

நிவேதாவுக்கு மட்டும் தெரியாது. ஊர் வீட்டில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கிறது. "பெரியம்மா, சின்ன வயசிலேயே இறந்துட்டாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். சொன்னால் அந்தப் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் அவள் பாட்டுக்கு அந்த விளக்கை மாட்டிக்கொண்டு என் கண்ணெதிரே இருட்டுக்குள் நடந்து போவாள். எதைத் தாங்க முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

5

அம்மா இப்போது நிலக்கோட்டையிலேயே என் தம்பியோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பேசுவோம். அவள் போனைக் காதில் வைத்துக்கொள்வாள், எனக்கு அவள் காது மட்டும் தெரியும். அன்றைக்கு ஏதோ யோசனையில் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். எனக்குப் பின்னால் மேசைமேல் இருந்த விளக்கைப் பார்த்துவிட்டாள்.

"அது என்னத்தா, நெத்தி லைட்டா? வீட்டுக்குள்ள எதுக்கு?"

சொன்னேன். கடற்கரை, கூடாரம், தோழிகள். காசைக் கொடுத்து மண்ணில் போய்ப் படுக்கிற கூத்தை அம்மா கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். 

"அவகிட்டச் சொல்லியிருக்கியா?"

"இல்லம்மா."

"பூச்சி பொட்டு கெடக்குமா அங்கிட்டு?" இருட்டில் அதன் பேரைச் சொல்லக் கூடாதென்று எப்போதும் பூச்சி என்றுதான் சொல்வாள். இப்போது பட்டப்பகலிலும் பேர் சொல்வதில்லை.

"பூங்காம்மா. அப்படியெல்லாம் இருக்காது." அங்கே அலையாத்திக் காட்டோரம் பாம்பைக் கண்டால் ஒதுங்கிப் போகும்படி பலகையே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லவில்லை.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எடுக்காத பேச்சை எடுத்தாள்.

"நீ கூடப் போறேல்ல? வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே இரு. நின்னா போய்ப் பாத்துரு. நல்ல செடின்னு நெனச்சுக்கிட்டு இருந்துறாத."

அதைச் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குக் கூரை தெரிந்தது. அம்மா அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

6

பிள்ளைகள் கூடாரத்தை ஒரு மணி நேரம் போட்டார்கள். ஒரு பக்கம் தூக்கினால் இன்னொரு பக்கம் படுத்துக்கொண்டது. நான் ஒப்பந்தப்படி கூப்பிடு தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் இருந்தேன். கணேசன் வேலை முடிந்து, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்து சேர்ந்தார். பூங்கா அதிகாரி ஒருவர் வந்து சீட்டைக் கேட்டார். மலாய்க்காரர், இளவயது. கூடாரம் பிள்ளைகளுக்கென்றால் மேடம் எங்கே தூங்குவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் எப்போதும் பாதி வழியில் இறங்கிவிடும். "நோ ஸ்லீப். ஒன்லி லுக்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, தன் அம்மாவும் அப்படித்தான் என்று சொல்லிப் போனார்.

பொழுது இறங்கியதும் ஐந்து நெற்றிகளிலும் விளக்கு எரிந்தது. நான்கு வெள்ளை, ஒன்று மஞ்சள். "ஏம்மா இந்தக் கலரு? பாட்டி காலத்து லைட் மாதிரி இருக்கு" என்று நிவேதா முகத்தைச் சுளித்துத்தான் மாட்டிக்கொண்டாள். விளக்கின் தலையைக் காலைப் பார்த்து மடக்கிவிட்டேன். எனக்கு அது ஒரு விதத்தில் வசதி. ஐந்தில் என் பிள்ளை எது என்று எங்கிருந்தும் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு ஐந்து பேரும் கரையோரமாக நடந்தார்கள். நான் மஞ்சளை மட்டும் பார்த்தேன். அது மரங்களுக்குள் போனது, வெளியே வந்தது, குனிந்தது, நிமிர்ந்தது. பிறகு ஒரு மரத்தடியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை விளக்குகள் ஒவ்வொன்றாக வளைவைத் தாண்டி மறைந்தன. மஞ்சள் நகரவில்லை.

"நிக்குதுங்க," என்றேன்.

கணேசனுக்கு அக்கா கதை தெரியும். இருந்தாலும் ஆம்பிளை மனசு. "உக்காந்து போன் பாக்கிறா போல. நிம்மதியா விடேன் பிள்ளைய."

அதே பேச்சுதான். ஆளும் ஊரும்தான் வேறு. பெரியவளுக்கு நல்ல செடி மாட்டியிருக்கு பாரு. நான் எழுந்து ஓடினேன். செருப்பு மணலில் மாட்டிக் கழன்றுவிட்டது. ஓட ஓட அந்த வெளிச்சம் பெரிதானதே தவிர அசையவே இல்லை. கிட்டே போனதும் தெரிந்தது. விளக்கு ஒரு தாழ்ந்த கிளையில் வார்ப்பட்டையோடு மாட்டியிருந்தது. அதன் கீழே யாரும் இல்லை. அடிமரமும் வேரும் மணலும்தான் இருந்தன.

நான் கூப்பிட்டேன். கூப்பிடக் கூடாது என்ற ஒப்பந்தமெல்லாம் போயிற்று. அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். என் வாயிலிருந்து வந்த பேர் நிவேதா இல்லை.

"அக்கா! ஏ அக்கா!"

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. நிவேதாதான் முதலில் ஓடி வந்தாள், பின்னால் அவள் தோழி நூராவும் மற்றவர்களும். "அம்மா! என்னாச்சு? அப்பாவுக்கு ஏதாவதா?"

அவளை இழுத்துக் காலைப் பார்த்தேன். இரண்டு கணுக்காலையும் தடவிப் பார்த்தேன். அவள் திகைத்துப்போய் நின்றாள். "அம்மா, ஐம் ஓகே. நாங்க ஜஸ்ட் அந்தப் பக்கம் போனோம்."

"லைட் ஏண்டி இங்க இருக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க லைட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. லைட் தெரிஞ்சா நீங்க ரிலாக்ஸா இருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் மாட்டிட்டுப் போனேன்." பிறகு நிமிர்ந்து, "அக்கான்னு யாரைம்மா கூப்பிட்டீங்க?" என்றாள்.

"ஆன்ட்டி ஓகேவா?" என்று நூரா பின்னாலிருந்து கேட்டாள்.

நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொன்னேன். விடுதியில் சேர்த்த நாளிலிருந்து எவ்வளவோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த கதை, வாய்விட்டுச் சொன்னபோது கொஞ்சம்தான் இருந்தது. பூ, டார்ச், கிணற்றடி வரிசை, அம்மா சொன்னது. சில வார்த்தைகள் அவளுக்குப் புரியவில்லை, வரப்பு என்றால் என்ன என்று கேட்டாள். கையால் மணலைக் குவித்துக் காட்டினேன்.

"யாருமே போய் செக் பண்ணலையா?"

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. அதை இந்தப் பிள்ளை அரைகுறைத் தமிழில் நேராகக் கேட்டுவிட்டாள்.

"இல்லம்மா. நல்ல செடின்னு நெனச்சோம்."

நிவேதா எழுந்து போய்க் கிளையிலிருந்த விளக்கை அவிழ்த்தாள். ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டுத் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டாள். "நீங்க பெஞ்சுக்குப் போங்கம்மா. நான் அங்க டென்ட் முன்னாடிதான் உக்காந்திருப்பேன்." என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். என்னைவிட உயரமாகிவிட்டாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பெஞ்சுக்கு வந்தேன். கணேசன் என் செருப்பைத் தேடி எடுத்து வைத்திருந்தார். ஊரில் இப்போதுதான் இருட்டியிருக்கும். அம்மாவைக் கூப்பிட்டு, போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

பிள்ளைகள் கூடாரத்துக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் நின்றது. நான் பெஞ்சிலிருந்து எழப் போனேன். அப்போது அது அசைந்தது. இடம், வலம், இடம், வலம். இல்லை இல்லை என்று தலையாட்டுகிற மாதிரி. பிறகு நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடியும் ஆடியது. அவள் பாட்டுக்குத் தோழிகளோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள், சிரிப்புச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நடு நடுவே எங்கள் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள்.

"அதுல நம்ம பிள்ள எதுத்தா?" என்றாள் அம்மா.

"மஞ்சளும்மா. நிக்குதேன்னு பயப்படாத. பாத்துக்கிட்டே இரு."

அம்மா பார்த்தாள். அவள் மூச்சு விடுவது போனில் கேட்டது. மஞ்சள் வெளிச்சம் திரும்பியது, ஆடியது. நிவேதா என்ன சொல்லியிருப்பாளோ, எந்த மொழியில் சொன்னாளோ, அடுத்த தடவை அவள் ஆட்டியபோது பக்கத்திலிருந்த வெள்ளையும் கூடவே ஆடியது. அது நூராவாக இருக்க வேண்டும். பிறகு மற்ற மூன்றும் ஆடின.

"நகருதுடி," என்றாள் அம்மா. பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "நகருது. நகருது."

போனைப் பையில் சாய்த்து, கடலைப் பார்த்தபடி பெஞ்சில் வைத்தேன். அதில் சார்ஜ் தீர்கிற வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.